மல்லிக் புகுர் கொலு

சாதனாவின் மடியில் ஒரு காசு விழுந்தது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. வார்டு அலுவலக வாசலில், நடைபாதையில், ஒரு மீன் வலைக்குள் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அசையவில்லை. வலையில் கோத்திருந்த ஆகாயத்தாமரை வாடிப்போயிருந்தது. அது மல்லிக் புகுரில் பறித்தது. பெஹாலாவில் அவள் வீட்டுக்கு எதிரே இருந்த குளம். அதை மண் கொட்டி மூடிக்கொண்டிருந்தார்கள். வலையும் வாடிய செடியும் அதைச் சொல்லும் என்று நினைத்திருந்தாள்.

"என்ன வேண்டுதல், திதி?" என்றது ஒரு பெண் குரல். "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

இன்னொரு காசு விழுந்தது.

மாலையில் எழுந்தபோது வாசல் காவலாளி சில்லறையைப் பொறுக்கி அவள் கையில் கொடுத்தான். "நாளைக்கு மினிபஸ் நிக்கிற இடத்துல உட்காருங்க. அங்கே ஜனம் ஜாஸ்தி" என்றான்.

சாதனா பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்பிப்பவள். விடுமுறை நாட்களில் தன் உடம்பை வைத்து இதுபோல ஏதாவது செய்வாள். கண்காட்சிக் கூடங்களில் செய்தால் கைதட்டினார்கள். தெருவில் செய்தால் காசு போட்டார்கள். இதுவரை அவள் செய்த எதுவும் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தியதில்லை.

அது கல்கத்தா கொல்கத்தா ஆன வருடம். பெஹாலாவில் குளங்கள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகிக்கொண்டிருந்தன. மல்லிக் புகுரை அப்படிக் கட்டடம் கட்டத் துலால் பாபு எடுத்திருந்தார். பாடாவில், அந்தப் பேட்டையில், எல்லோருக்கும் அவர் துலால்தா; தா என்றால் அண்ணன். பூஜைக் கமிட்டிக்குத் தலைவர். பார்ட்டி ஆபீசில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது.

அவருடைய ஆட்கள் முதலில் படித்துறையின் அடிப்படிகளை மூடினார்கள். தண்ணீரை மூடியது அதற்குப் பிறகுதான். அது குளமே இல்லை, மழைநீர் தேங்கும் பள்ளம் என்று துலால்தா எழுதிக் கொடுத்திருந்தார். பள்ளத்துக்குப் படித்துறை இருக்காது.

பாடாக்காரர்கள் மனு கொடுத்தார்கள். லட்சுமி பூஜை முடிந்த மறுநாள் கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அதற்கு முன்னால் துர்கா பூஜை விடுமுறை. ஊரே பூட்டியிருக்கும். அந்த விடுமுறையில் மிச்சமிருக்கும் படிகளும் நடுவில் கிடக்கும் தண்ணீரும் மண்ணுக்கடியில் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் வரும்போது மைதானம் இருக்கும். மைதானம் என்று எழுதிக்கொண்டு போவார்.

எதிர்த்து ஒரு கூட்டமும் போட்டுப் பார்த்தார்கள். பார்ட்டிப் பையன்கள் மைக்கைப் பிடுங்கினார்கள். அனுமதி இல்லாமல் பேசியதற்காக, ஓய்வுபெற்ற டிராம் கண்டக்டர் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்து அனுப்பியது.

சாதனா வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அண்ணன் ஜெய்ராம் ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். பேங்க் ஆபீசர். அவர்களுடைய அப்பா துறைமுக வேலைக்கு வந்தவர். அண்ணனும் தங்கையும் இங்கேயே பிறந்தவர்கள். மன்னி மாதவி மாம்பலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள்.

"இன்னிக்கு என்னடி வேஷம்?" என்றான் ஜெய்ராம்.

"வலை."

"யாராவது பாத்தாளா?"

"காசு போட்டா."

"பரவாயில்லையே. அக்கவுண்ட் ஆரம்பிச்சுடலாம்."

"அவளைச் சீண்டாம பெட்டியைப் பாத்து இறக்குங்கோ" என்றாள் மாதவி. "போன வருஷம் இப்படித்தான் செட்டியார் மூக்கு போச்சு."

பெட்டியைத் திறந்தார்கள். செட்டியார் பொம்மை மேலாக இருந்தது. சப்பணம் போட்டு, தொந்தியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, மூக்கில்லாமல் சிரித்தது. அதற்கு முன்னால் வைக்கும் குட்டிக் கிண்ணங்களை மாதவி துடைத்தாள். அரிசி, பருப்பு, உப்பு வைக்கிற கிண்ணங்கள். டிரங்குப் பெட்டிகளும் பலகைகளும் அடுக்காக நின்றன. அவற்றின்மேல் வெள்ளை வேட்டியை விரித்தாள்.

சாதனா படிகளைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, கீழ இறங்கேன். இங்க வந்து சப்பணம் போட்டு உட்காரு."

"எதுக்கு?"

"உட்காரேன்."

உட்கார்ந்தான். மாதவி பொம்மையையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாதனா திட்டத்தைச் சொன்னாள். புகுரின் படித்துறையில் கொலு. பொம்மைகளுக்குப் பதில் மனிதர்கள். அந்தக் குளத்தில் குளித்தவர்கள், துவைத்தவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள், மீன் பிடித்தவர்கள். அசையாமல் உட்கார வேண்டும். செட்டியார் முன்னால் அரிசி இருக்காது. மணல், ஜல்லி, சிமெண்ட், செங்கல் பொடி இருக்கும்.

"நன்னாருக்கு!" என்றான் ஜெய்ராம். "பேங்க்ல சர்வீஸ் ரூல் இருக்குடி. கூட்டம் கூடாது, ஊர்வலம் கூடாது, கோஷம் கூடாது."

"கோஷமே இல்லை. நீ வாயே திறக்க வேண்டாம்."

"இருந்தாலும்..."

"பொம்மைக்கு ஏது சர்வீஸ் ரூல்?" என்றாள் மாதவி.

மறுநாள் காலை மாதவி படித்துறையில் நின்று மண்ணுக்கு மேலே தெரிந்த படிகளை எண்ணினாள்.

"ஆறு" என்றாள். "ஆறு படியில எவளாவது கொலு வைப்பாளா?"

"மன்னி, இது கொலு இல்லை. கொலு மாதிரி. ஆறுதான் மிச்சம் விட்டிருக்கான். அதைத்தான் காமிக்கறோம். மூடினதுதான் விஷயமே."

"மாதிரின்னா முழுசா மாதிரியா இருக்கணும். ஒத்தைப்படையா இல்லேன்னா என் மரப்பாச்சி வராது."

"வர வேண்டாம்."

"செட்டியாரும் வர மாட்டார்."

சாதனாவுக்குக் கோபம் வந்தது. தன் வேலையில் யாரும் கை வைப்பது அவளுக்குப் பிடிக்காது. "ஒரு படியைக் காலியா விட்டுடலாம்" என்றாள்.

"காலிப் படியோட கொலுவா? உங்க ஆர்ட் காலேஜ்ல வைங்கோ."

மாதவி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள். ஆறாவது படிக்கு அடியில் கிடந்த செங்கல் துண்டுகளைக் கையால் எடுத்துப் போட ஆரம்பித்தாள். சாதனா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் குனிந்தாள்.

பக்கத்துக் குடிசையிலிருந்து மினோத்தி மாஷி வந்தாள். நாலு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். அந்தப் படியில்தான் வருடக்கணக்காகத் தன் வீட்டுப் பாத்திரத்தையும் தேய்த்தவள்.

"என்ன தோண்டுறீங்க, பௌதி?" என்றாள். மாதவி அங்கே எல்லோருக்கும் பௌதி, அண்ணி.

"படி."

"எதுக்கு?"

"பூஜைக்கு" என்றாள் மாதவி.

மாஷி உள்ளே போய் ஒரு மண்வெட்டி கொண்டு வந்தாள். அது அவள் மகன் பொல்டுவுடையது. பொல்டு துலால்தாவுக்கு மண் லாரி கூட்டி வருபவன். குளத்தை மூடிய மண்வெட்டிகளில் அதுவும் ஒன்று.

துலால்தாவின் ஆட்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். பூஜைக்காகப் பெண்கள் இடத்தைச் சுத்தம் செய்வதை யாரும் தடுப்பதில்லை. மத்தியானம் ஏழாவது படி வெளியே வந்தது.

நவராத்திரி முதல் நாள் மாலை கொலு நிறைந்தது. மேல்படியில் மாதவியின் மரப்பாச்சிகள் பட்டுக் கட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் அருகே சாதனா, தலையிலிருந்து கால்வரை குளத்துச் சேற்றைப் பூசிக்கொண்டு நின்றாள். அடுத்த படியில் டிராம் கண்டக்டர் தூண்டிலோடு உட்கார்ந்தார். அவர் தூண்டில் முள் செங்கல் குவியலுக்கு மேலே தொங்கியது. மினோத்தி மாஷி சாம்பலும் சட்டியுமாக. ஒரு பெண் துவைக்கிற துணியோடு. ஒருவர் தோளில் ஈரம் இல்லாத துண்டோடு. நடுப்படியில் ஜெய்ராம், வெற்றுடம்பில் சந்தனம் பூசி, கிண்ணங்களுக்குப் பின்னால்.

கீழே, குளம் இருந்த இடத்தில், மாதவி ஒரு கண்ணாடியைப் படுக்க வைத்தாள். வீட்டுக் கொலுவில் வருடா வருடம் அதுதான் தெப்பக்குளம்.

பேனர் இல்லை. மைக் இல்லை. ஒரு குத்துவிளக்கு மட்டும்.

போலீஸ் ஸ்டேஷனின் இரண்டாவது அதிகாரி வந்தார். மேஜோபாபு என்று எல்லோரும் அழைப்பார்கள். யாரோ புகார் சொல்லியிருந்தார்கள்.

"இங்கே யாரு இன்சார்ஜ்?"

பொம்மைகள் பேசவில்லை. மாதவி தூக்குச்சட்டியோடு முன்னால் வந்தாள். அவளுடைய பெங்காலி உடைந்த பெங்காலி. ஆனால் தயங்காது.

"அனுமதி வாங்கினீங்களா?"

"நவராத்திரிக்கு என்ன அனுமதி? எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு வைப்போம். வந்தவா வெறுங்கையோட போகக் கூடாது. இந்தாங்கோ."

மேஜோபாபு சுண்டலை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் போட்டார். "நம்ம ஊர் கடலைக் குக்னிதான், தேங்காய் போட்டது" என்றார். பிறகு ஜெய்ராமிடம் போய்க் குனிந்தார். "இது நிஜ மனுஷனா?" விரலால் தொந்தியில் ஒரு குத்து குத்தினார். ஜெய்ராம் அசையவில்லை.

மேஜோபாபு தள்ளிப் போய் வயர்லெஸ்ஸில் பேசினார். "கூட்டம் இல்லை சார். பூஜை. சவுத் இந்தியன் பூஜை."

இரவு வீட்டில் ஜெய்ராம் வயிற்றைத் தடவிக்கொண்டான். "குத்தினான்டி அவன்."

"நீ அசையவே இல்லையே, அண்ணா."

"அசைஞ்சா கூட்டம். அசையாட்டா பூஜை. ரூல் அப்படி."

பகலில் பெண்கள் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். ராத்திரி யாராவது ஒருவர் விளக்கோடு இருந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பொல்டு மூன்று பேரோடு வந்தான். தோண்டிய படியைத் திரும்ப மூடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

படியில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"மா, எழுந்திரு."

மாஷி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை சட்டிமேல். இன்னொரு கையில் சாம்பல்.

"மா, நாடகம் போதும். துலால்தா கோவமா இருக்கார். எழுந்திரு."

ஈ ஒன்று அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. அவள் அதையும் விரட்டவில்லை.

"உன் அம்மா பொம்மையாயிட்டா" என்றான் கூட வந்தவன். "கூடையில தூக்கிட்டு வா." மற்றவர்கள் சிரித்தார்கள்.

பொல்டு சிரிக்கவில்லை. ஈயைத் தன் கையால் விரட்டினான். "அந்த மண்வெட்டி எங்கே?" என்று கேட்டான். மண்வெட்டி ஏழாவது படியில் சாத்தியிருந்தது. எடுத்தான். அம்மாவின் காலடியில் இருந்த மண்ணைப் பார்த்தான். அங்கே மண்ணைத் தள்ளினால் அவள் பாதம் மூடும்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மேல்படியில் சாதனா நின்றுகொண்டிருந்தாள். காய்ந்த சேறு அவள் முகத்தில் விரிந்து வெடித்தது. அவள் சிரித்திருந்தாள். அது யாருக்கும் தெரியவில்லை.

சஷ்டி அன்று, ஊரில் துர்கா பூஜை தொடங்கிய நாளில், எல்லாம் மாறியது.

பெரிய தெருவில் துலால்தாவின் கமிட்டி பிரமாண்டமான பந்தல் போட்டிருந்தது. உள்ளே போகிற வழி பெரிய தெருவில். வெளியே வருகிற வழியைப் போலீஸ் புகுர் இருக்கும் சந்துப் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. சாயங்காலம் ஜனங்கள் புதுத் துணியும் புதுச் செருப்புமாக வந்தார்கள். விளக்கொளியில் படிப்படியாக அசையாத மனிதர்களைப் பார்த்து நின்றார்கள்.

"இதுவும் டாகுர் சிலையா?"

"தீம் பூஜை. ஏதாவது ஒரு விஷயத்தை வச்சுப் பந்தல் போடுவாங்க. இந்த வருஷம் எல்லாமே தீம்தான்."

"ஏ, கண் சிமிட்டினாங்க!"

"இல்லை. மெஷின்."

ஒன்பது மணிக்கு வரிசை சந்து முழுக்க நின்றது. மேஜோபாபு ஓடி வந்தார். "இவ்வளவு கூட்டம் வரும்னு ஏன் சொல்லலை, பௌதி?" பந்தல்காரர்களை வரவழைத்து மூங்கில் தடுப்பு கட்ட வைத்தார். ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். ரெண்டு கான்ஸ்டபிள்களைக் காவலுக்குப் போட்டார். சந்தில் வண்டி வரக் கூடாது என்று பலகை வைத்தார். துலால்தாவின் குளத்தைத் துலால்தாவின் லாரிகளிடமிருந்து போலீஸ் காவல் காத்தது.

சிறந்த பூஜைக்குப் பரிசு கொடுக்கிற கமிட்டியிலிருந்து பேட்ஜ் குத்திய நாலு பேர் வந்தார்கள்.

"கிளப் பேரு என்ன?"

"கிளப் இல்லை" என்றாள் மாதவி.

"தீம்?"

"புகுர்."

"ஆர்ட்டிஸ்ட் யாரு?"

மாதவி மேல்படியைக் காட்டினாள்.

"அவங்ககிட்டப் பேசலாமா?"

"எல்லாம் முடியட்டும்."

ஒரு முதியவர் தடுப்பைத் தாண்டி, செட்டியாரின் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். காலடியில் அதே மணல். பக்கத்திலிருந்த பேத்தியிடம் சொன்னார். "நாம எங்கே நிக்கிறோம் தெரியுமா? தண்ணிக்குள்ள."

அது வரிசையில் பின்னால் பரவியது. ஒவ்வொருவராகக் குனிந்து கீழே பார்த்தார்கள். சாதனா மேலேயிருந்து அந்தத் தலைகள் குனிவதைப் பார்த்தாள். யாரும் காசு போடவில்லை.

அஷ்டமி மாலை துலால்தா மனைவியோடு வந்தார். மடிப்பு கலையாத வேட்டி. பூஜைக் கமிட்டித் தலைவர் ஊர்ப் பந்தல்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. கான்ஸ்டபிள்கள் வழி விட்டார்கள். அவர் மனைவி செட்டியார் முன்னால் நின்றாள். கிண்ணங்களைப் பார்த்தாள். தொந்தியைப் பார்த்தாள்.

"ஐயோ, ஏங்க, இது அப்படியே நீங்கதான்!"

சொன்ன பிறகுதான் கிண்ணங்களில் இருப்பது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. கையால் வாயை மூடினாள். அதற்குள் முன்வரிசை சிரித்துவிட்டது. பின்வரிசை என்ன என்று கேட்டுவிட்டுச் சிரித்தது. "செட்டியாருக்கு வேட்டி மட்டும் விலை கம்மி!" என்று யாரோ கத்தினார்கள். ஜெய்ராம் நேராகத் துலால்தாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

துலால்தா கைகூப்பினார். வேறு வழியில்லை. மாதவி அவருக்கும் சுண்டல் கொடுத்தாள்.

நவமி காலை மாதவி முன்னால் ஒரு புதுச் சிக்கல் வந்தது. படியில் உட்கார ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குளத்தில் நீச்சல் கற்றவர்கள். குளத்தில் மோதிரத்தைத் தொலைத்தவள். முன்பு வேடிக்கை பார்த்த பக்கத்துச் சந்துக்காரர்கள். ஏழு படியிலும் இடமில்லை.

"இன்னொரு படி தோண்டலாமே, பௌதி."

"எட்டு ஆகாது" என்றாள் மாதவி. "தோண்டினா ஒன்பது."

சாதனா இந்த முறை வாதாடவில்லை. முதல் ஆளாக இறங்கினாள்.

தோண்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் புதுத் துணியோடு கூடை தூக்கினார்கள். மண்ணை எங்கே போடுவது என்று தெரியாமல் சந்தின் ஓரமாகக் குவித்தார்கள். எட்டாவது படி ஈரமாக வந்தது. ஒன்பதாவது படியைத் தொட்டபோது மண் கறுத்தது. செங்கற்களுக்கு நடுவிலிருந்து தண்ணீர் ஊறியது. நடுக்குளத்தில் மிச்சமிருந்த தண்ணீர்வரை ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். மத்தியானத்துக்குள் கடைசிப் படியின் விளிம்பு மறைந்தது.

மினோத்தி மாஷி குனிந்து கை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாதவி கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "இது இனிமே வேண்டாம்" என்று வீட்டுக்குக் கொண்டு போனாள்.

அன்று மாலை டிராம் கண்டக்டர் தண்ணீருக்குப் பக்கத்துப் படிக்கு இறங்கி உட்கார்ந்து, தூண்டில் முள்ளில் மாவு உருண்டை செருகினார்.

"கொலுவில மீனா?" என்றாள் மாதவி. "அதெல்லாம் கூடாது."

"நான் பொம்மை, பௌதி. தூண்டில் போடுவேன். இழுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"கொலு முடியறவரைக்கும்."

விஜயதசமி வந்தது. அன்று இரவு ஒரு பொம்மையையாவது படுக்க வைக்க வேண்டும். கொலு அதோடு முடியும். மாதவி மரப்பாச்சிகளின் முன்னால் நின்றாள்.

"படுக்க வைக்கலையா மன்னி?" என்றாள் சாதனா.

"யாராவது இன்னும் பாக்க வரணும்னா கொலுவை எப்படி எடுக்கறது? இன்ஸ்பெக்டர் பாக்கலையே."

"சாஸ்திரம்?"

"நான் சொல்லிக்கறேன் அம்பாள்கிட்ட."

ஆனால் கூட்டம் போய்விட்டது. மனிதர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். மூங்கில் தடுப்பு மட்டும் நின்றது. அது இருக்கிறவரை லாரி உள்ளே வர முடியாது. ஐந்து நாள் கழித்து, லட்சுமி பூஜையன்று காலை, பந்தல்காரர்கள் வந்து மூங்கிலை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். துலால்தா காத்திருந்தது அதற்குத்தான்.

சாதனா பால்கனியில் நின்று திறந்து கிடந்த சந்தைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் நாளைக் காலை வருவார். நடுவில் ஓர் இரவு. அவளிடம் வேறு யோசனை இல்லை.

மாலையில் பெண்கள் சந்தில் குனிந்திருந்தார்கள். கிண்ணங்களில் அரிசி மாவு கரைசல். லட்சுமி பூஜைக்கு ஒவ்வொரு வீட்டிலும் வாசலிலிருந்து பூஜை அறைவரை லட்சுமியின் பாதம் வரைவார்கள். இந்தத் தடவை அவர்கள் பெரிய தெரு முனையிலிருந்து ஆரம்பித்தார்கள். சின்னச் சின்ன வெள்ளைப் பாதங்கள். சந்தின் முழு அகலத்துக்கும். ஒரு சக்கரம் போக இடமில்லாமல். எல்லாப் பாதங்களும் புகுரை நோக்கி நடந்தன. படிகளில் இறங்கின. தண்ணீரில் முடிந்தன.

இந்த யோசனையைச் சாதனா யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. மினோத்தி மாஷி ஒரு கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, "இந்த ஓரம் பாக்கி" என்றாள். சாதனா உட்கார்ந்து வரைந்தாள். மாதவி கோகுலாஷ்டமிக்குப் போடுகிற மாதிரி கையை மடக்கி அச்சு வைத்தாள். அவள் பாதங்கள் கொஞ்சம் குண்டாக இருந்தன.

"பௌதியோட லட்சுமி நல்லா சாப்பிடுவா போல" என்றாள் ஒருத்தி.

விடியும்போது லாரி வந்தது. பின்னால் இன்னும் இரண்டு. முதல் லாரியின் படியில் பொல்டு தொங்கிக்கொண்டு வந்தான். சந்து முனையில் டிரைவருக்கு வழி காட்டக் குதித்து இறங்கியவன், குதித்த இடத்திலேயே நின்றான். கீழே பார்த்தான். ஒரு காலைத் தூக்கினான். வைக்க இடமில்லை. பின்னால் நகர்ந்து, லாரியின் பக்கத்தகட்டை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான்.

"நிறுத்து! நிறுத்து!"

சத்தம் கேட்டு ஜன்னல்கள் திறந்தன. லட்சுமி பூஜை இரவில் பெண்கள் தூங்குவதில்லை. வாசல்களில் வந்து நின்றார்கள். சாதனாவும் மாதவியும் இறங்கி வந்தார்கள். டிரைவர் எட்டிப் பார்த்தார். பீகார்க்காரர். இஞ்சினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

துலால்தா ஸ்கூட்டரில் வந்தார்.

"ஏன் நிக்குது? ஏத்து உள்ளே."

டிரைவர் கட்டிய கையை எடுக்கவில்லை.

"பொல்டு! சொல்றது காதில விழலை? மாவுக் கோலம்டா. காஞ்சு போச்சு. ஏத்து."

பொல்டு தன் அம்மாவைப் பார்த்தான். அவள் வாசலில் நின்றிருந்தாள். கையில் மாவு காய்ந்திருந்தது.

"நீங்க முதல்ல நடங்க, துலால்தா" என்றான் பொல்டு. "நீங்க மிதிச்சிட்டுப் போங்க. பின்னாடியே லாரியைக் கொண்டு வரேன்."

துலால்தா ஸ்கூட்டரை நிறுத்தினார். இறங்கினார். அவருடைய வீட்டிலும் நேற்று இரவு பூஜை. அவர் மனைவி வாசலிலிருந்து அலமாரிவரை இதே பாதங்களை வரைந்திருப்பாள். செருப்பின் நுனிக்கு முன்னால் முதல் பாதம் இருந்தது. குழந்தையின் பாதம் அளவு. சந்து முழுக்க அவர் காலைப் பார்த்தது.

அவர் செருப்பை ஒரு அங்குலம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு வாசலில் ஆரம்பித்து வாசல் வாசலாகப் போயிற்று. டிரைவர் லாரியைப் பின்னால் எடுத்தார்.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் பொம்மைகள் தம் தம் இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஜெய்ராம் லீவு போட்டிருந்தான். சாதனா சேறு பூசி மேல்படியில் நின்றாள். துலால்தா குடையோடு ஓரமாக நின்றார்.

இன்ஸ்பெக்டர் சந்து முனையில் பாதங்களைப் பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றினார். ஓரமாக, விரல் நுனியில், நடந்து வந்தார்.

"இதெல்லாம் என்ன?" என்று செட்டியாரைக் கேட்டார்.

செட்டியார் பேசவில்லை.

"சார், இது தாழ்வான நிலம்" என்றார் துலால்தா. "அடியில் இருக்கிறது மழைத்தண்ணி."

இன்ஸ்பெக்டர் படிகளில் இறங்கினார். பொம்மைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக. கடைசிப் படியில் தண்ணீர் அவர் கணுக்காலைத் தொட்டது. பேண்ட்டைத் தூக்கிக்கொண்டார்.

"மழைத்தண்ணிக்கு யாரு படித்துறை கட்டினது?"

துலால்தா பதில் சொல்வதற்குள் தக்கை அமுங்கியது.

டிராம் கண்டக்டரின் தூண்டில் வளைந்தது. அவர் அசையவில்லை. நெற்றியில் வேர்வை உருண்டது. தக்கை மேலே வந்தது. மறுபடி அமுங்கியது.

"தாதா!" என்றார் இன்ஸ்பெக்டர். "மீன்! இழுங்க!"

கண்டக்டரின் கண்கள் மாதவியைத் தேடின.

"என்ன மனுஷன்யா இவரு! போயிடும் தாதா, இழுங்க! துலால் பாபு, உங்க தாழ்வான நிலத்துல மீன் கடிக்குது!"

சந்தில் சிரிப்பு வெடித்தது. மாதவி பரபரவென்று மேல்படிக்கு ஏறினாள். ஒரு மரப்பாச்சியை எடுத்துப் பட்டோடு படுக்க வைத்தாள்.

"கொலு முடிஞ்சது" என்றாள். "இழுங்கோ!"

கண்டக்டர் எழுந்து நின்று இழுத்தார். கையளவு திலேப்பியா ஒன்று வெயிலில் மின்னிக்கொண்டு வந்து செட்டியாரின் மணல் கிண்ணத்தில் விழுந்து துள்ளியது.